வாலட்டோடு 24 சொற்களும் அச்சாகி வந்தால் ஒரு காசும் போடாதீர்கள்

எக்ஸ்சேஞ்சில் (பிட்காயின் வாங்கி விற்கும் தளம்) கிடக்கும் பிட்காயின் நம்முடையது இல்லை, ஹார்டுவேர் வாலட்டுக்கு (பிட்காயினின் சாவியை இணையத்தில் வைக்காமல் காக்கும் சின்னக் கருவி) மாற்று என்று சொல்லாத ஆள் இல்லை. மாற்றினேன். 41 நாள் கழித்து வாலட்டில் பூஜ்யம்.

கருவியை நான் தயாரிப்பு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கவில்லை. அங்கே ஸ்டாக் இல்லை. ஆன்லைனில் இன்னொரு விற்பனையாளர் உடனே அனுப்புவதாகப் போட்டிருந்தார், விலையும் கொஞ்சம் குறைவு. பெட்டியின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கச்சிதமாகத்தான் இருந்தது. உள்ளே கருவி, கேபிள், சின்னக் கையேடு, அதோடு நாணயத்தால் சுரண்டிப் பார்க்கும் ஓர் அட்டை. சுரண்டினால் 24 ஆங்கிலச் சொற்கள், கீழே பின் நம்பர். 'இந்தச் சொற்களை யாரிடமும் காட்டாதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வேறு. எவ்வளவு பொறுப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயம் இதுதான். பிட்காயின் அந்தக் கருவிக்குள் இருப்பதில்லை. அது பிளாக்செயினில், அதாவது உலகெங்கும் உள்ள கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில், இருக்கிறது. அதை நகர்த்தும் சாவி அந்த 24 சொற்களிலிருந்து பிறக்கிறது. சொற்கள் யார் கையில் இருக்கிறதோ அவர் உலகின் எந்த மூலையிலிருந்தும் வேறொரு கருவியில் அவற்றை அடித்து மொத்தத்தையும் எடுத்துவிடலாம். பின் நம்பர் கையிலிருக்கும் கருவிக்கு மட்டும்தான் பூட்டு. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து கருவியே, உங்கள் கண் முன்னால், அதன் சின்னத் திரையில் சொற்களைத் தேர்ந்து காட்ட வேண்டும். நீங்கள் பேனா பிடித்து எழுத வேண்டும். அந்த வேலையை எனக்கு முன்பே எவனோ செய்து, சொற்களைத் தனக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டு, அட்டையில் அச்சடித்து அனுப்பியிருக்கிறான்.

நான் சோதிக்காமல் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நிறுவனத்தின் செயலி 'அசல் கருவி' என்றது. உண்மைதான், கருவி அசல். ஆரம்ப அமைப்பைத்தான் அவன் முடித்து வைத்திருந்தான், அந்தச் சோதனை அதைக் கேட்பதில்லை. சிறு தொகை அனுப்பிப் பார்த்தேன், வந்தது. திருப்பி அனுப்பினேன், போனது. அவனும் அந்த முகவரியைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பான்? சில்லறையைத் தொட்டால் மீன் கலைந்துவிடும். நான் இரண்டு வருடச் சேமிப்பு முழுவதையும் போடும்வரை பொறுமையாக இருந்தான். ஒரு நள்ளிரவில், ஒரே பரிவர்த்தனையில், எல்லாம் வெளியே போயிற்று. நான் பார்த்தபோது ஆறு கன்ஃபர்மேஷனுக்கு (பரிவர்த்தனையைப் பிளாக்செயின் உறுதிசெய்யும் படிகள்) மேல் ஆகிவிட்டிருந்தது. பிட்காயினில் திரும்பக் கூப்பிடும் பொத்தான் கிடையாது.

விற்பனையாளருக்கு எழுதினேன். 'எங்களுக்கு வந்த பெட்டியை அப்படியே அனுப்பினோம், நீங்கள் சொற்களை யாரிடமாவது காட்டியிருப்பீர்கள்' என்று ஒரே பதில். அப்புறம் கணக்கே காணவில்லை. தயாரிப்பு நிறுவனம் மரியாதையாகப் பேசியது, ஆனால் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிட்டார்கள்: 'நாங்கள் ஒருபோதும் சொற்களை அச்சடித்து அனுப்புவதில்லை.' கையேட்டிலும் அது இருக்கிறது. நான் படித்தது பெட்டியில் வந்த கையேட்டை. அதையும் அவன்தான் வைத்திருக்கிறான்.

இழந்ததை ஓரிடத்தில் புலம்பியதும் 'மீட்டுத் தருகிறோம்' என்று வரிசையாகச் செய்திகள். முன்பணம் கேட்கிறார்கள், ஒருவர் இன்னொரு வாலட்டின் சொற்களையே கேட்டார். பதில் போட வேண்டாம்.

இது என் ஒருவனின் கூத்து இல்லை. 2020-இல் ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. ஏறக்குறைய 2,72,000 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் வெளியாயின. அடுத்த ஆண்டு அவர்களில் சிலருக்கு, கேட்காமலே, 'மாற்றுக் கருவி' என்று போலி வாலட் தபாலில் வந்தது. 2023-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள், ட்ரெசர் என்ற இன்னொரு ஹார்டுவேர் வாலட்டின் போலி ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். அது புதிதாகச் சொற்களை உருவாக்குவதுபோல் காட்டி, முன்பே தயாரித்த 20 தொகுப்புகளில் ஒன்றைத்தான் கொடுத்ததாம். ஆக, சொற்கள் திரையில் வந்தால் மட்டும் போதாது, கருவி வந்த வழியும் சுத்தமாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், அல்லது அவர்கள் பெயர் சொல்லி அங்கீகரித்த விற்பனையாளரிடம். ஸ்டாக் இல்லையென்றால் காத்திருங்கள். செகண்ட் ஹேண்ட் பேச்சே வேண்டாம்.

எழுதிய சொற்களைப் போட்டோ எடுக்காதீர்கள், கிளவுடில் போடாதீர்கள். பெரிய தொகை போடுமுன் கருவியை முழுதாக அழித்து, எழுதி வைத்த தாளிலிருந்து மீட்டுப் பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

என்னைப்போல் ஏற்கெனவே அச்சடித்த சொற்களில் பணம் வைத்திருப்பவரா? கருவியை ரீசெட் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பழைய முகவரிகளின் சாவி அவனிடமும் இருக்கிறது. முதலில் புதிய சொற்களோடு வேறொரு வாலட் உருவாக்கி, இன்றைக்கே பணத்தை அங்கே நகர்த்துங்கள்.

என் கருவி மூன்று முறை தப்பாகப் பின் போட்டால் தன்னைத் துடைத்துக்கொள்ளும் ரகம். போன வாரம் எரிச்சலில் 1111 என்று மூன்று தடவை போட்டேன். திரை அணைந்து எரிந்தது. புதிய வாலட் உருவாக்கவா என்று கேட்டது, ஆம் என்றேன். முதல் சொல், இரண்டாம் சொல் என்று ஒவ்வொன்றாகக் காட்டியது. இதை முதல் நாளே செய்திருந்தால் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.