பழைய ஜீப்புக்கு ஆக்ஸில் வாங்கப் போகிறீர்களா? முதலில் பல்லை எண்ணுங்கள்

வீட்டிலேயே பழைய மஹிந்திரா ஜீப்பைச் சரிசெய்துகொண்டிருப்பவர்கள், அதிலும் ஃபோர் வீல் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகிற) வண்டி வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு 28,000 ரூபாய் போனது. பணமாவது பரவாயில்லை, திரும்பக் கிடைக்காத ஒரு பொருளும் சேர்ந்து போய்விட்டது.

வண்டி என் பெரியப்பாவுடையது. எம்எம் 540, 1989 மாடல், 2112 சிசி பெஜோ டீசல் இன்ஜின். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் தேங்காய் சுமந்தே காலம் தள்ளியது. அவர் போன பிறகு 11 வருடம் கொட்டகையில் கிடந்தது. போன வருடம் நானும் தம்பியும் அதை வாசலுக்கு இழுத்து வந்து வேலையை ஆரம்பித்தோம். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி மாற்றினோம். பிரேக் குழாய் முழுக்கப் புதிது. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரும் போட்டோம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை.

எங்கள் கைக்கு மீறியது பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சு, ஒன்றுதான். ஓடும்போது ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் நடுவில் இடைவெளி பார்ப்பது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. அதனால் ஆக்ஸிலைக் கழற்றி, கோவையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

இரண்டு நாள் கழித்து பட்டறைக்காரர் போன் செய்தார். "தம்பி, பினியன் பல்லெல்லாம் போயிருச்சுங்க. இதப் பிரிச்சு வேலை பாக்கறதுக்கு, எங்கிட்ட ரீகண்டிஷன் பண்ணுன செட்டு ஒண்ணு இருக்குது. பழசக் குடுத்துட்டு 28,000 குடுங்க. போல்ட்டு கூட மாத்த வேண்டாம், அப்படியே மாட்டிக்கலாம்." அந்தப் பல்லை நேரில் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. என் பெரிய தவறு அதுதான். 5,000 ஜிபேயில் போட்டேன், மீதியை ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்டபோது, "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேருமுங்க" என்றார்.

அவர் சொன்ன மாதிரியே அது அப்படியே உட்கார்ந்தது. ஊளைச் சத்தமும் நின்றது. ஒரு வாரம் சந்தோஷமாக ஓட்டினோம். ஆனால் ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது செல்போன் ஜிபிஎஸ் 55 காட்டியது. பழைய மீட்டர்தானே என்று விட்டுவிட்டேன். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு மழை நாளில் தோப்புச் சரிவில் ஃபோர் வீல் போட்டு ஏறினேன். சேற்றில் ஒரு குறையும் தெரியவில்லை. மேலே கெட்டித் தரை வந்ததும் ஃபோர் வீல் லீவரை எடுக்கப் பார்த்தால் அசையவில்லை. ஸ்டியரிங் கல் மாதிரி இறுகியது. பத்தடி நகர்ந்திருப்பேன், அடியில் வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன் ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) உடைந்து, ஷாஃப்ட் தரையில் அடித்துக்கொண்டு கிடந்தது. அதே உடைப்பு ரோட்டில் வேகமாகப் போகும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. பக்கத்து சீட்டில் இருந்தது என் மகள்.

போன் செய்தால் பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டீங்களா?" காய்ந்த கெட்டித் தரையில் இந்த வண்டியை ஃபோர் வீலில் ஓட்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும். அதற்காகப் பத்தடியில் கிராஸ் உடையாது.

அன்று ராத்திரி ஜாக்கி வைத்து எண்ணிப் பார்த்தோம். கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு, எதிர்ச் சக்கரத்தை மட்டும் தூக்கிச் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் அது எத்தனை சுற்று வருகிறது என்று தெரிந்துவிடும். முன்னால் ஐந்து முழுச் சுற்றும், மேலே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமும் வந்தது. பின்னால் ஐந்து சுற்றுகூட முழுதாக வரவில்லை. தம்பி திரும்பத் திரும்ப எண்ணினான், மாறவே இல்லை. மறுநாள் பின்மூடியின் பத்து போல்ட்டையும் கழற்றினோம். கிரவுன் ஓரத்தில் 39, 8 என்று குத்தியிருந்தது. கிரவுனில் 39 பல், பினியனில் 8; வகுத்தால் 4.88. எங்கள் முன் ஆக்ஸில் 43க்கு 8, அதாவது 5.38. வெளியே ஹவுசிங் (மேல்கூடு) ஒரே மாதிரி, உள்ளே ரேஷியோ, அதாவது இந்தப் பல் விகிதம், வேறு. ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டிய வண்டியில் பத்து சதவீத வித்தியாசம். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சமாளித்துவிடும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லை, எங்காவது ஒன்று உடைந்துதான் தீரும். டூ வீலில் (பின் சக்கர இழுவையில்) மட்டும் ஓட்டுகிறவருக்கு இது கடைசிவரை தெரியவே தெரியாது.

இந்தத் தொழிலில் முப்பது வருடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டவருக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். கிரவுனின் போட்டோவை அனுப்பினேன். "ரெண்டாவது கையில வாங்குனதுக்கு கேரண்டி கிடையாதுங்க" என்று பதில் வந்தது. சரி, பணம் வேண்டாம், என் பழைய ஆக்ஸிலைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அதை அன்றைக்கே விற்றுவிட்டாராம். பினியன் பல் உண்மையிலேயே போயிருந்ததா, வெறும் பேரிங் கோளாறா என்று இனி எனக்குத் தெரியவே போவதில்லை. அந்த ஹவுசிங்கின் இடதுபுறம் ஒரு கோணல் வெல்டிங் இருக்கும். பெரியப்பா மதில் சுவரில் இடித்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் தானே வைத்த வெல்டிங் அது.

ஆக்ஸில் வேலைக்குக் கொடுக்கிறவர்கள் கொடுக்கும் முன்பே மூடியைத் திறந்து பல் எண்ணிக்கையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போய்விட்டது என்று சொல்லும் உதிரியை நேரில் பார்க்காமல் மாற்றுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வாங்குகிற செட்டை, ஒரு பக்க டிரம்மைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு சுற்று சுற்றி, கடைக்காரர் முன்னாலேயே எண்ணுங்கள். ரேஷியோவைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

ஜிபே ரசீதும் வாட்ஸ்ஆப் குரல் பதிவுகளும் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வண்டி இப்போது வாசலில் மரக்கட்டைமேல் நிற்கிறது. நல்ல நிலையில் 43க்கு 8 கிரவுன் பினியன் உங்களுக்குத் தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். சாக்பீஸோடு வருகிறேன்.