ஆறாம் தரம்: தோட்டத்துப் பள்ளிக்கூடமா, டவுன் பஸ்ஸா, வேனா, மாமா வீடா?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் முடிவு வந்ததும், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பேச்சு சூடு பிடித்துவிடும். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளையின் வீட்டிலும் சரி, எடுக்காத பிள்ளையின் வீட்டிலும் சரி, கேள்வி ஒன்றுதான்: ஆறாம் தரத்துக்குப் பையனை எங்கே போடுவது? ஹட்டன் ஹைலண்ட்ஸ், கொட்டகலை கேம்பிரிட்ஜ், நாவலப்பிட்டி கதிரேசன் என்று பெயர்களை அடுக்குவார்கள். பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் எங்கே எத்தனை பிள்ளைகளுக்கு ஒன்பது பாடத்துக்கும் ஏ வந்தது என்று விரல் மடக்குவார்கள். காலையில் அவனை எத்தனை மணிக்கு எழுப்புவது, ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் ஐந்து மணி வரை அவன் யார் கண்ணில் இருப்பான் என்பதை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்க்கு இந்த இரண்டும்தான் முதல் கணக்கு. அந்தக் கணக்கை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

என் மகன் இப்போது ஏழாம் தரம். அவனுடைய அப்பா கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், இடையில் ஏதாவது லீவு கிடைத்தால் வருவார். எங்கள் தோட்டம் நோர்வூட்டிலிருந்து டிக்கோயா வழியாக ஹட்டன் போகிற பாதையில் இருக்கிறது. எங்கள் லயத்திலேயே நான்கு விதமும் நடக்கிறது. என் மகன் பஸ். பக்கத்துக் காம்பரா (லயத்து வீடு) அக்காவின் மகன் தோட்டத்துப் பள்ளிக்கூடம். ஒரு வீட்டுப் பிள்ளை வேனில் போகிறான். கடைசிக் காம்பராப் பையன் கண்டியில் மாமா வீட்டில் நின்று படிக்கிறான். அதனால் யாரிடமும் கேட்டு எழுதத் தேவையில்லை, வாசலில் நின்றால் தெரிகிறது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைக் குறைத்துப் பேசுவது எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. 1970களில் அரசாங்கம் பொறுப்பெடுக்கும் வரை தோட்ட நிர்வாகத்தின் கையில் ஒற்றை மண்டபமாகக் கிடந்தவை இவை. அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் டவுன் பிள்ளைக்குக் கிடைப்பதுதான் இங்கேயும் கிடைக்கிறது. நடந்தால் பத்து நிமிடம். நான் பிரட்டுக்கு (காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற இடம்) போகிற நேரத்தில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தால்கூடப் போதும், மணியடிக்கிற சத்தம் லயத்துக்கே கேட்கும். மழைக்காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை எங்கள் பக்கத்தில் தென்மேல் பருவமழை விடாது.

இன்னொன்று, ஆசிரியர்கள். 2014, 2015 காலத்தில் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுபட்டவர்களில் நிறையப் பேர் லயத்துப் பிள்ளைகளே. ஆரம்பத்தில் வெறும் கொடுப்பனவுக்கு வேலை செய்து, படித்துப் பயிற்சி முடித்து நிரந்தரமானவர்கள். அப்படிப்பட்ட டீச்சர் ஒருவர் இருந்தால், கொழுந்து நிறுத்துவிட்டு (எடை போட்டுவிட்டு) வருகிற வழியில், "அக்கா, உங்க மகன் ரெண்டு நாளா கணக்குக் கொப்பி கொண்டு வரல, என்னான்னு பாருங்க" என்று நிறுத்திச் சொல்வார். அதே செய்தி டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து என்னிடம் வர, வட்ஸ்அப் குழுவில் யாராவது போட வேண்டும், மலையில் சிக்னல் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெற்றோர் கூட்டத்துக்குப் போக வேண்டும். கூட்டம் வார நாளில் வைப்பார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு பேர் போச்சு.

பேர் கணக்கு தெரியாதவர்களுக்கு: ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். தோட்டம் சொன்ன கிலோவை எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் விழும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. பள்ளிக்கூடச் செலவை எப்போதும் நான் பேரில்தான் எண்ணுவேன். ரூபாயில் எண்ணினால் சின்னதாகத் தெரிகிறவை பேரில் எண்ணும்போது பெரிதாகிவிடும்.

அப்படியென்றால் ஏன் என் மகனை அங்கேயே விடவில்லை? நேரசூசியைப் பார்த்தேன். ஆறாம் தரத்துக்குப் போட்டிருந்த நேரசூசியில் விஞ்ஞானத்துக்கு நேராக ஆசிரியர் பெயர் இல்லை. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் ஆள் கிடைக்காதது தோட்டத்துப் பாடசாலைகளின் பழைய நோய். கட்டடம் எப்படி, போன வருட முடிவு எப்படி என்று பார்ப்பதைவிட, அதிபரிடம் போய் இந்த மூன்று பாடத்துக்கும் யார் என்று நேரே கேளுங்கள். மூன்றுக்கும் பெயர் சொன்னால் அந்தப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் தரம் வரைக்கும் எந்த டவுன் பள்ளிக்கூடத்துக்கும் சளைத்ததில்லை என்பது என் கருத்து. அதோடு அந்தப் பாடசாலை என்ன வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வகை 3 என்றால் கீழ் வகுப்புகளோடு முடிந்துவிடும், யோசிக்க ஒன்றுமில்லை. வகை 2 என்றால் பதினோராம் தரம் வரை. 1சி என்றால் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும். விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் படிக்க 1ஏபிக்குத்தான் போக வேண்டும்.

சரி, பஸ்.

பஸ் என்றால் நாலரைக்கு எழுப்ப வேண்டும். நாலு மணிக்கு நான் எழும்ப வேண்டும். ரொட்டி தட்டி, கட்டசம்பல் அரைத்து, அவனுடைய பெட்டியில் வைத்து, எனக்கும் மலைக்குக் கட்டிக்கொண்டு, ஐந்தரைக்கு அவன் இறங்கினால்தான் முதல் பஸ். இருட்டில் போன் வெளிச்சத்தோடு மற்றப் பிள்ளைகளுடன் சேர்ந்து இறங்குவார்கள். காலில் பாட்டா செருப்பு. சப்பாத்தும் மேஸும் (காலுறையும்) ஷொப்பிங் பையில் சுற்றிப் புத்தகப் பைக்குள் இருக்கும். ரோட்டோரக் கடை வாசலில் உட்கார்ந்து காலைத் துடைத்து, அட்டைப்பூச்சி ஏறியிருந்தால் சவர்க்காரத் துண்டை வைத்து விழ வைத்து, அதற்குப் பிறகு மேஸைப் போடுவான். பாட்டாவைக் கடைக்கார ஐயாவின் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு பஸ் ஏறுவான். சாயந்தரம் அதே இடத்தில் மாற்றிக்கொண்டு ஏறி வருவான். மழைக்காலத்தில் அந்தப் பலகைக்கு அடியில் ஒரு வரிசைச் செருப்பு கிடக்கும்.

வெள்ளைச் சட்டைதான் இதைவிடப் பெரிய வேலை. ஜூன், ஜூலையில் கொடியில் போட்ட சட்டை மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில்தான் காய்கிறது. காய்ந்துவிடும், ஆனால் விறகுப் புகை வாசம் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சட்டையிலும் அந்த வாசம், யாருக்கும் தெரியாது. டவுனில் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடித்துக் காட்டுகிறான். மகன் வந்து சொல்லவில்லை. இரவில் அவனே சட்டையை எடுத்து வாசல் கொடிக்கு மாற்றுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது கடைசி அலசலில் கொஞ்சம் கம்ஃபர்ட் ஊற்றுகிறேன், காய்ந்ததும் கரண்ட் இருந்தால் அயன் பண்ணுகிறேன். முழுசாகப் போகாது, குறையும்.

காசு பார்த்தால் பஸ்தான் மலிவு. மாணவர் சீசன் டிக்கெட் எடுத்தால் மாதத்துக்குச் சிறு தொகையோடு முடியும். ஆனால் சீசன் சிவப்பு இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ்ஸுக்கு மட்டும்தான். அது வராத அன்றைக்குத் தனியார் பஸ்ஸுக்குக் கையில் காசு வேண்டும். சீருடைக் கூட்டத்தைக் கண்டால் நிறுத்தாமல் போகிறவர்களும் உண்டு. அதனால் சீசனோடு பையின் உள் அறையில் ஒரு நூறு ரூபாய் எப்போதும் இருக்கட்டும், அதைக் கேன்டீனுக்கு எடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். (எடுப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.) 2005இல் தொடங்கிய சிசு செரிய, அதாவது மாணவர்களுக்கு மட்டுமான பஸ், உங்கள் ரோட்டில் ஓடுகிறது என்றால் வேனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இனி ஒன்றரை மணிக் கணக்கு. தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றே முக்காலுக்கு வீட்டில். நான் பகல் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சோறு சாப்பிட்டுத் திரும்புகிற நேரத்தில் அவன் இன்னும் வகுப்பில் இருப்பான். நான் மறுபடி வர ஐந்தாகும். இடையில் மூன்று மணித்தியாலம். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் (பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடம்) ஐந்து வயது வரைக்கும்தான். அப்பாயியோ அம்மாயியோ வீட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை. சோறு போட்டு, "கொப்பிய எடுடா தம்பி" என்று ஒரு குரலாவது இருக்கும். இல்லாத வீட்டில் போனும் பையனும் மட்டும். பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு மாமியார் இருக்கிறார். அதனால்தான் அந்த வழி அவருக்குச் சரிவந்தது. எனக்கு இல்லை.

பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு அந்த மூன்று மணித்தியாலத்தை பஸ்ஸே தின்றுவிடுகிறது. ஹட்டன் ஸ்டாண்டில் காத்திருந்து, நெரிசலில் ஏறி, மலை ஏறி வீடு வர மூன்றரை, நாலு. டியூசன் உள்ள நாளில் நானும் அவனும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவோம். கேட்க நல்ல ஏற்பாடு போல இருக்கும். ஆனால் ஏழு மணிக்குப் புத்தகத்தின் மேலேயே தலை சாய்ந்துவிடும். டவுன் பள்ளிக்கூடத்தில் கூடுதலாகப் படித்த படிப்பில் எவ்வளவு இந்தத் தூக்கத்தில் போகிறது என்று யாராவது கணக்குப் பார்த்தால் நல்லது. நான் இரவுப் படிப்பை விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலையில் உட்கார வைக்கிறேன்.

வேனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கையிலிருந்து கைக்குப் பிள்ளை போகிறான், வருகிறான், அதற்குத்தான் காசு. எங்கள் பக்கத்தில் மாதத்துக்கு நாலைந்து நாள் பேர் போய்விடும், லீவு மாதத்துக்கும் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். தோட்டத்து ரோடு கிடக்கிற நிலையில் வேன் லயத்துக்கு வராது, ஆக அட்டையும் பாட்டாவும் இதிலும் உண்டு. இரண்டு சம்பளம் வருகிற வீடு, ஆறாம் ஏழாம் தரத்துச் சின்னப் பையன் என்றால் ஒரு வருடத்துக்கு எடுக்கலாம். பாதை பழகியதும் பஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள். எட்டுப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகிற ஓட்டோவை நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

மாமா வீடு. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம் என்பேன். கண்டியில், கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிற பிள்ளைக்கு ஊருக்கே தெரிந்த நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கலாம், வீடு மாமாவுடையது. கடைக்கு ஓடுவது, தண்ணீர் பிடிப்பது, சின்னப் பிள்ளையைத் தூக்குவது எல்லாம் யாரும் கொடுமையாகச் செய்விப்பதில்லை, தானாக அவன் தலையில் வந்து விழும். காய்ச்சல் வந்தாலும் சொல்ல மாட்டான். கடைசிக் காம்பராப் பையன் லீவில் வந்து நின்றால் சாப்பிட்ட தட்டை உடனே கழுவி வைக்கிறான். அவனுடைய அம்மாவுக்கு அது பெருமை, எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. மத்திய கிழக்குக்குப் போகிற தாய்க்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம், அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு: இந்த வழியைப் பதினோராம் தரத்துக்குப் பிறகு, உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதில் அவன் தன் சட்டையைத் தானே துவைப்பான், வாய் திறந்து கேட்பான். விடுதி கிடைத்தாலும் அதே வயதுதான்.

ஆக என் வரிசை இது. மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் இருந்து, வீட்டில் ஒரு பெரிய ஆளும் இருந்தால், தோட்டத்துப் பள்ளிக்கூடம். இரண்டில் ஒன்று இல்லையென்றால் பஸ். மாற்றுவதானால் ஒன்பதாம் தரம் முடிவதற்குள் மாற்றுங்கள். சாதாரண தரத்துக்கு ஆறு கட்டாயப் பாடங்களோடு மூன்று கூடைப் பாடங்களும் (பட்டியலிலிருந்து தெரிவு செய்பவை) பத்தாம் தரத்தில் எடுக்க வேண்டும். இங்கே எடுத்த பாடம் அங்கே இல்லை, அங்கே இருக்கிற தகவல் தொழில்நுட்பத்துக்கு இங்கே கம்ப்யூட்டர் இல்லை என்று நடுவில் மாட்டிக்கொண்டால் அந்த இரண்டு வருடமும் இழுபறிதான். அந்தக் கட்டம் தாண்டிவிட்டால் சாதாரண தரம் எழுதும் வரை அசைக்காமல் விடுங்கள்.

பண்டாரவளை, பதுளைப் பக்கத்துத் தாய்மாருக்கு நான் சொன்ன மழை மாதங்கள் பொருந்தாது. அங்கே ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் பெருமழை. அந்தப் பக்கம் ரயிலில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையக ரயில் பாதை மண்சரிவில் உடைந்து போனது. ரோடுகளும் பல இடத்தில் துண்டுபட்டன. ஆகவே ரயிலை நம்பிப் பள்ளிக்கூடம் தெரிவு செய்கிறவர்கள், ரயில் நின்றால் பஸ் எத்தனை மணிக்கு, எங்கிருந்து என்பதையும் சேர்த்தே விசாரித்து வையுங்கள்.