கொழும்பில் விற்கும் நான்கு இரவு டுபாய் பெக்கேஜ்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை மாற்றச் சொல்லலாம்

வெள்ளவத்தையில் கேட்டாலும் கொள்ளுப்பிட்டியில் கேட்டாலும் பயண முகவர்கள் நீட்டும் டுபாய் தாள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நான்கு இரவு, ஐந்து பகல், ஐந்து நட்சத்திர ஹோட்டல், காலை உணவு, வீசா, விமான நிலைய வாகனம், அரை நாள் நகர்ச் சுற்று, பாலைவன சஃபாரி, படகில் இராச்சாப்பாடு, புர்ஜ் கலீஃபா, ஒரு நாள் அபுதாபி. மேலே 'லக்ஷரி' என்று பொன்னிறத்தில் எழுதியிருக்கும்.

இது மோசமான பெக்கேஜ் இல்லை. வீசா, வாகனம், ஹோட்டல் மூன்றையும் தனித்தனியாகப் பிடிக்க அலைவதைவிட ஒருவரிடம் கொடுத்துவிடுவது இலகு. ஆனால் பயணம் நன்றாக அமைவதும் அலைச்சலாக முடிவதும் அந்தத் தாளில் இல்லாத இரண்டு விடயங்களில்தான் இருக்கிறது: ஹோட்டல் எந்தப் பகுதியில், புர்ஜ் கலீஃபா டிக்கட் எத்தனை மணிக்கு. முற்பணம் கட்டுமுன் இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முதலில் ஹோட்டல். டுபாய் கடலோரமாக நீண்டு கிடக்கும் நகரம். ஒரு முனையில் பழைய நகரமான டெய்ரா, பர் டுபாய். நடுவில் புர்ஜ் கலீஃபா நிற்கும் டவுன்டவுன். அதையும் தாண்டித் தென்மேற்கே பாம் ஜுமேரா என்ற செயற்கைத் தீவு, படகுத்துறையைச் சுற்றிய மரினா. விலை குறைந்த பெக்கேஜில் வரும் ஐந்து நட்சத்திரம் பல வேளைகளில் டெய்ரா பக்கம் இருக்கும். அறை நன்றாகவே இருக்கும், காலை உணவும் தாராளம். ஆனால் புர்ஜ் கலீஃபா அருகிலுள்ள நீரூற்றும் மரினாவும்தான் உங்கள் மாலைகள் என்றால், கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துவிட்டு ஒவ்வொரு மாலையும் கல்கிசைக் கடற்கரைக்குப் போய்வந்த கதையாகிவிடும். இங்கே தூரம் அதைவிட அதிகம், மாலை நெரிசலும் சேரும். நான்கு இரவுக்கு டவுன்டவுனில் ஒரு நான்கு நட்சத்திரம், டெய்ராவின் ஐந்து நட்சத்திரத்தைவிடப் பெறுமதி என்பதே எங்கள் முடிவு. தங்கம் வாங்கவும் பழைய கடைத்தெருவில் நடக்கவும்தான் போகிறீர்கள் என்றால் டெய்ராவே சரி.

தாளில் ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் 'அல்லது அதற்கு ஒப்பானது' என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். அதை வெட்டச் சொல்லுங்கள். நட்சத்திர எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் 'ஒப்பானது' ஆகிவிடும், இடம் முப்பது கிலோமீற்றர் தள்ளி இருந்தாலும்.

அறை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும், நண்பகல் 12 மணிக்கு விடவேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து பறப்பு நேரம் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, டுபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அதிகாலை விமானத்தில் போனால் விடிந்த கையோடு அங்கே இருப்பீர்கள், அறை கிடைக்க அரை நாள் காத்திருக்கவேண்டும். இரவு போய்ச் சேரும் விமானம் என்றால் நான்கு இரவில் ஒன்று தூக்கத்தோடு போய்விடும், ஆனால் மறுநாள் முழுதாகக் கிடைக்கும். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்த குடும்பத்துக்கு இரண்டாவதே நல்லது.

ஹோட்டலில் கையோடு கொடுக்கவேண்டிய பணமும் தாளில் இராது. சுற்றுலா திர்ஹம் என்ற கட்டணம் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு 20 திர்ஹம், நான்கு இரவுக்கு 80. நான்கு நட்சத்திரத்தில் இரவுக்கு 15. ஆளுக்கு அல்ல, அறைக்கு. இதைவிடப் பெரியது வைப்புப் பணம். அறையைக் கொடுக்குமுன் கடனட்டையில் ஒரு தொகையை மறித்து வைப்பார்கள். டெபிட் அட்டையைக் கொடுத்தால் அந்தக் காசு கணக்குக்குத் திரும்பப் பல நாட்கள் ஆகலாம், அதற்குள் நீங்கள் கொழும்புக்கு வந்துவிடுவீர்கள். கடனட்டையையே கொடுங்கள். வெளிநாட்டுப் பாவனைக்கு அட்டை திறந்திருக்கிறதா என்று புறப்படுமுன் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி புர்ஜ் கலீஃபா. 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட, 828 மீற்றர் உயரமான கோபுரம். பெக்கேஜில் வருவது 124, 125ஆம் மாடிகளுக்கான சாதாரண டிக்கட். 148ஆம் மாடி, 555 மீற்றர் உயரத்தில் இருப்பது, தனி டிக்கட். விலை பல மடங்கு, கூட்டம் குறைவு, குடிக்கவும் கொறிக்கவும் தருவார்கள், இறங்கும்போது 125, 124ஐயும் பார்க்கலாம். நகரம் கீழே விரிவது 124இலிருந்தே நன்றாகத் தெரியும். ஆகவே மாடியை உயர்த்துவதற்கு முன் நேரத்தை மாற்றுங்கள் என்றுதான் சொல்வோம். சூரியன் மறையும் வேளைக்கான டிக்கட் விலை கூடியது, பெக்கேஜில் சாதாரணமாக இராது. 'நேரம் பின்னர் உறுதி செய்யப்படும்' என்று போட்டிருந்தால் காலை பத்து மணியோ இரவு பத்து மணியோ வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலதிகப் பணத்தைக் கட்டி மாலை நேரத்தைக் கேட்டு வாங்குவது இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு. வெளிச்சத்தில் ஒரு நகரம், இருட்டியபின் இன்னொரு நகரம், இரண்டையும் ஒரே டிக்கட்டில் பார்க்கலாம்.

டிசம்பரில் சூரியன் மாலை 5.30 அளவில் மறையும், ஜூனில் 7 மணி கடந்து. அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதான நேரத்தைப் பதியுங்கள், ஏனென்றால் டிக்கட்டில் உள்ள நேரம் வாசலுக்குரியது. சோதனையும் லிப்ட் வரிசையும் அதற்குப் பிறகுதான். அந்த வாசலும் கோபுரத்தின் அடியில் இல்லை, டுபாய் மோலுக்குள் இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் நிலையத்திலிருந்து மோல் வரை குளிரூட்டிய நடைபாலம். நீளமானது, கால் மணித்தியாலத்தைத் தனியாக ஒதுக்குங்கள். இறங்கி வந்ததும் வெளியே நீரூற்று. மாலை 6 மணி முதல் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆடும், பார்க்கப் பணம் இல்லை. நீரூற்றைத் தனி அம்சமாகக் காட்டி விலை சேர்த்திருந்தால் என்ன தருகிறார்கள் என்று கேளுங்கள்.

பெக்கேஜின் பலவீனமான பகுதி அரை நாள் நகர்ச் சுற்று. பஸ்சிலிருந்து இறங்கி, படம் எடுத்து, மறுபடி ஏறுவது. சிறு தீவில் நிற்கும் பாய்மர வடிவ ஹோட்டலான புர்ஜ் அல் அரபைக் கடற்கரையில் நின்று தூரத்திலிருந்து பார்ப்பீர்கள். முன்பதிவு இல்லாதவரைப் பாலத்தைத் தாண்ட விடமாட்டார்கள். இந்தச் சுற்றை நீக்கி அதற்கான பணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தக் காலைப்பொழுதில் பர் டுபாயிலுள்ள அல் ஃபஹீதியின் பழைய காற்றுக் கோபுர வீடுகளிடையே நடந்து, ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா என்ற சிறு படகில் பழைய நகரை ஊடறுக்கும் ஓடையை (டுபாய் க்ரீக்) கடந்து, வாசனைத் திரவியக் கடைத்தெருவுக்குப் போங்கள். ஒரு திர்ஹம் சில்லறையாக வேண்டும்.

அப்படியே தங்கக் கடைத்தெரு. அங்கே விலை கிராமில் சொல்வார்கள், நம் பவுண் கணக்குக்கு எட்டால் பெருக்கவேண்டும். அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான், பேரம் பேசவேண்டியது செய்கூலியில். செட்டியார் தெருவில் அதே மாதிரி நகைக்குச் செய்கூலி எவ்வளவு என்று போகுமுன் கேட்டு வைத்துக்கொண்டால் பேச வசதி. குறுகிய நாட்கள் போய் வருபவருக்குத் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய பெறுமதி இலங்கைச் சுங்கத்தில் மிகச் சிறியது. அதைக் கூட்டிப் பார்க்காமல் லாபக் கணக்குப் போடாதீர்கள்.

எதிர்கால அருங்காட்சியகம் பல பெக்கேஜ்களில் இல்லை. 2022 பெப்ரவரி 22ஆம் திகதி திறந்த அந்த நீள்வட்டக் கட்டடத்தின் மேலெல்லாம் அரபு எழுத்து. அந்த எழுத்துகளே சாளரங்கள். உள்ளே போக நேரம் குறித்த டிக்கட், விடுமுறைக் காலத்தில் நாட்களுக்கு முன்பே முடிந்துவிடும். பயணத் திகதி உறுதியான அன்றே வாங்குங்கள். டுபாய் ஃபிரேம் 150 மீற்றர் உயரம், டிக்கட் மலிவு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். புர்ஜ் கலீஃபாவில் ஏறியவர்கள் விட்டுவிடலாம்.

பாலைவன சஃபாரியில் கேட்கவேண்டிய முதல் கேள்வி: வாகனம் எங்களுக்கு மட்டுமா, பகிர்வா? பகிர்வு என்றால் ஒரு லேண்ட் க்ரூஸரில் ஆறு பேர், ஒவ்வொரு ஹோட்டலாக நின்று ஏற்றிக்கொண்டு போகும். பிற்பகல் மூன்றரைக்கு ஏறியவர் மணலைப் பார்க்க ஐந்தாகலாம். டிசம்பரில் அப்போது சூரியன் சரிந்துவிட்டிருக்கும், செம்மணல் படங்கள் எல்லாம் மங்கலாக வரும். தனி வாகனத்துக்கு மேலதிகமாகக் கொடுப்பது வீணில்லை. மணல் மேடுகளில் வாகனம் ஏறி விழும் பகுதி கர்ப்பிணிகளுக்கும் முதுகு, கழுத்து வருத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளாதவர்கள் வாந்தி எடுப்பார்கள். பெரியவர்களோடு போகிறவர்கள் டுபாய் பாலைவனக் காப்பகத்துக்கான பயணத்தைக் கேளுங்கள். விலை அதிகம், ஆனால் அமைதி. அரேபிய ஒரிக்ஸ் மான்களைப் பார்க்கலாம்.

படகுச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெக்கேஜில் ஓடைப் படகு இருந்தால் மரினாவுக்கு மாற்றக் கேளுங்கள், மாற்றாவிட்டால் விடுங்கள். அந்த இரவில் இந்திய உணவகங்கள் நிறைந்த கராமாவுக்குப் போனால் இட்லி, தோசை என்று வயிறு நிறையச் சாப்பிடலாம்.

அபுதாபி ஏறத்தாழ 140 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். இந்த நாளைத் திங்கட்கிழமையில் போட விடாதீர்கள். லூவர் அருங்காட்சியகமும் பிஏபிஎஸ் இந்துக் கோயிலும் திங்களில் மூடியிருக்கும். வெள்ளியில் ஷேக் சயித் பெரிய பள்ளிவாசல் ஜும்ஆ நேரத்தில் பார்வையாளர்களை விடாது. செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. பள்ளிவாசலுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இணையத்தில் முன்பதிவு வேண்டும். பெண்களுக்குக் கணுக்கால், மணிக்கட்டு வரை மூடிய தளர்வான உடையும் தலையை மூடத் துணியும், ஆண்களுக்கு நீளக் காற்சட்டை. 82 குவிமாடங்களும் வெண்பளிங்கு முற்றமும் மாலை வெயிலில்தான் அழகு, முகவர் காலை பத்து மணிக்குப் போட்டிருந்தால் நிகழ்ச்சி வரிசையைத் திருப்பச் சொல்லுங்கள். கோயில் 2024 பெப்ரவரி 14ஆம் திகதி திறக்கப்பட்டது, ஏழு அமீரகங்களுக்கு ஏழு கோபுரங்கள். டுபாய் அபுதாபி வழியில் அபு முரைக்காவில் இருக்கிறது. வழியில்தானே என்று நினைத்து ஏறாதீர்கள், நிகழ்ச்சியில் எழுதாவிட்டால் பஸ் நிற்காது. இதற்கும் முன்பதிவு தேவை.

வீசாவுக்குக் கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். ஹோட்டல் பதிவும் திரும்பும் டிக்கட்டும் வேண்டும். கடவுச்சீட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருப்பவர்கள் முற்பணம் கட்டுமுன்பே முகவரிடம் காட்டுங்கள், சுற்றுலா வீசா அதில்தான் சிக்கும். நாள் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம். சுற்றுலா வீசாவில் வேலைக்குப் போகிறவர்களைத் தடுக்கக் கட்டுநாயக்கவிலேயே விசாரிப்பார்கள், தனியாகப் போகும் பெண்களை இன்னும் கூடுதலாக. ஹோட்டல் உறுதியும் திரும்பும் டிக்கட்டும் தொலைபேசியில் மட்டும் இல்லாமல் தாளிலும் இருக்கட்டும்.

பெட்டியில் கசகசா வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம், இரண்டும் அங்கே தடை. கறித்தூளோடு கசகசாவும் சேர்ந்து போய்விடுவதுதான் நடக்கும் தவறு. கோடீன், டிரமடோல் சேர்ந்த மாத்திரைகளுக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும், வைத்தியரின் துண்டு மட்டும் போதாது. வாட்ஸ்அப்பில் எழுதலாம், அழைப்பு போகாது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு வரும் மலிவு விலையைப் பற்றி. அந்த ஐந்து நட்சத்திர அறை உண்மையாகவே மலிவுதான், காரணம் வெயில் 40 பாகை தாண்டும், கடல் ஈரமும் சேரும். குளோபல் வில்லேஜ் கண்காட்சியும் மிரக்கல் கார்டன் பூந்தோட்டமும் கோடையில் மூடியிருக்கும். மோல், நீச்சல் குளம், அருங்காட்சியகம் என்று உள்ளேயே கழிக்கத் தயார் என்றால் எடுங்கள், சஃபாரியை மட்டும் நீக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் பார்க்க நவம்பர் முதல் மார்ச் வரை. டிசம்பர் கடைசி வாரம் மட்டும் விலை எட்டாது.

டொலருக்கு 3.67 திர்ஹம் என்பது மாறாத கணக்கு. முகவர் டொலரில் சொல்லும் மேலதிகக் கட்டணத்தை அதால் பெருக்கி, அந்த இடத்தின் சொந்தத் தளத்து விலையோடு ஒப்பிடலாம். பெக்கேஜில் எதை வெளியே எடுப்பது என்று இதிலேயே தெரிந்துவிடும். விமான நிலையத்திலிருந்து டாக்சி மீற்றர் 25 திர்ஹத்தில் தொடங்கும், வாகனத்துக்கு முகவர் போடும் விலையையும் அதோடு வைத்துப் பாருங்கள்.

கடைசி நாள். வற் வரி 5 வீதம், ஒரு கடையில் 250 திர்ஹமுக்குக் குறையாமல் வாங்கினால் திரும்பக் கேட்கலாம். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்யவேண்டும். முழுவதும் வராது: வரியில் 85 வீதம், அதிலும் ஒரு பற்றுச்சீட்டுக்கு 4.80 திர்ஹம் கழியும். 1,050 திர்ஹமுக்கு வாங்கிய பொருளில் வரி 50, கையில் வருவது 37.70. பொருளைக் காட்டச் சொல்வார்கள் என்பதால் பெட்டியைப் பொதிப் பட்டையில் போடுவதற்கு முன்பே அந்த முகப்புக்குப் போகவேண்டும். எந்த டெர்மினல் என்று டிக்கட்டில் பார்த்து, விமானத்துக்கு நான்கு மணித்தியாலம் முன்பு ஹோட்டலிலிருந்து வாகனத்தை எடுக்கச் சொல்லுங்கள். முகவர் மூன்று மணித்தியாலம் என்றுதான் எழுதியிருப்பார்.