ஐந்து வாள்களோடு நாலு வருஷம்

போன வாரம் பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி போன் செய்தாள். அவளுக்கும் டீம் லீடருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டதாம். "நீதான் டாரட் பார்ப்பியே, நானும் ஒரு டெக் வாங்கட்டுமா?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை.

நாலு வருஷமாக என்னிடம் இருப்பது ரைடர்-வெயிட் டெக், அதாவது குறி பார்க்கிற 78 படக் கார்டுகள் கொண்ட ஒரு டாரட் கட்டு. பெரும்பாலும் ஆபீஸ் சண்டைகளுக்காகத்தான் அதை வெளியே எடுத்திருக்கிறேன் (கல்யாணம், காதல் பற்றிக் கேட்க எனக்குத் துணிச்சல் கிடையாது). ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது, மழைக்காலத்தில் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கலைத்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அம்மா வேறு "கிளி எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போவார். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒரே ஒரு கார்டு, ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ், ஐந்து வாள்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒருவன் மூன்று வாள்களை வைத்துக்கொண்டு இளக்காரமாகத் திரும்பிப் பார்க்கிறான், இரண்டு வாள் தரையில் கிடக்கிறது, தூரத்தில் இரண்டு பேர் தோற்றுப்போய் நடக்கிறார்கள், மேலே கிழிந்த துணி மாதிரி மேகம். ஆபீஸ் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. ஆனால் இதில் நீ யார் என்று மட்டும் கார்டு சொல்லாது. யாருக்கு எடுத்தாலும் "அந்த நடந்து போறது நான்தான்" என்பார்கள், ஒருத்தர்கூட இன்றுவரை "சிரிக்கிறது நான்" என்று சொன்னதில்லை.

நான் மட்டும் என்ன. முதல் வருஷம் அப்ரைசல் சமயத்தில், என் ரிப்போர்ட்டைத் தன் பெயரில் மேலே அனுப்பிய ஒருவரை நினைத்துக்கொண்டு எடுத்தேன், இதுதான் வந்தது. அந்தச் சிரிப்பை அவர் முகத்தில் ஒட்டவைத்து ஒரு மாதம் அவரோடு பேசினேன், பேசினேன் என்றால் மெயிலில், நாலு பேருக்கு சிசி போட்டு. அப்புறம் ஒரு மீட்டிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் எக்செலில் இருந்த தப்பை எல்லார் முன்னாலும் திரையில் காட்டினேன். "தனியா சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் வெளியே வந்து. அன்று ராத்திரி கார்டு எடுத்தால் வந்தது த்ரீ ஆஃப் பென்டகிள்ஸ்: சிற்பி, துறவி, கையில் வரைபடத்தோடு இன்னொருவர், மூன்று பேரும் கூடி வேலை செய்கிற கார்டு. நக்கல்தான். ஐந்து வாளை நானே டெக்கில் தேடி எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கார்டு அடிக்கடி வருகிற மாதிரி இருந்ததற்கும் கணக்கு போட்டுப் பார்த்தேன். 78-ல் மூன்று எடுத்தால் ஒரு குறிப்பிட்ட கார்டு வர 26-ல் ஒரு வாய்ப்பு. வராத நாளை எவன் ஞாபகம் வைக்கிறான். குயின் ஆஃப் ஸ்வார்ட்ஸ் (வாள் ஏந்திய ராணி) வந்தால் உடனே கண்டிப்பான பெண் மேனேஜர்தான் என்று முடிவு கட்டுவதும் இதே கதை.

ஆனால் இந்த டெக்கை எனக்குப் பிடித்துப்போனதும் இந்தப் பெயர் திருட்டு விஷயத்தால்தான். படங்கள் அத்தனையையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். ரைடர் என்பது 1909-ல் லண்டனில் வெளியிட்ட பதிப்பகம், வெயிட் என்பவர் எப்படி வரைய வேண்டும் என்று சொன்னவர், பெட்டியில் இவர்கள் பெயர்தான் நின்றது. ரொம்பக் கொஞ்சக் காசுக்கு ஒரு பெரிய வேலையை முடித்தேன் என்று அந்த வருஷமே ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞருக்கு பமீலா கடிதம் எழுதியிருக்கிறார். கார்டின் கீழ் மூலையில் நெளிந்துகொண்டிருக்கும் அவருடைய கையெழுத்தைக் கவனித்த பிறகு, பத்துக் கோல்களையும் ஒரே ஆள் முகம் மறையக் கட்டித் தூக்கிப் போகும் டென் ஆஃப் வாண்ட்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான். இப்போது அவரையும் சேர்த்து ரைடர்-வெயிட்-ஸ்மித் என்கிறார்கள். இனிமேல் நானும் அப்படியே சொல்லப் பார்க்கிறேன், வாயில் வரமாட்டேன் என்கிறது.

தோழியிடம் வாங்காதே என்றேன். அதுவும் சண்டை சூடாக இருக்கிற வாரத்தில் வாங்கவே வாங்காதே, உன் லீடரை அந்த மூன்று வாள்காரனாக ஆக்கிவிட்டுத்தான் ஓய்வாய். "சரி, அப்போ உன்னோடதை ரெண்டு நாள் கொடேன்" என்றாள்.

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.