துணைவேந்தர் மேசையில் க்யூஜிஐஎஸ்

முப்பது வருடம், உருண்டைப் பூமியைத் தட்டைப் படமாக்கும் புரொஜெக்‌ஷன் பாடம் எடுத்தவள் நான். அப்படியிருந்தும், துணைவேந்தரான பிறகு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்ட முதல் படத்தில் ஒரே ஒரு விளக்கின் வெளிச்சம் 1,600 கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடந்தது. விளக்கைச் சுற்றி வட்டம் போடும் பஃபர் கருவியில் 15 என்று கொடுத்தேன், மீட்டர் என்ற நினைப்பில். லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) இருந்ததோ அட்சரேகை, தீர்க்கரேகையில். அதற்கு 15 என்றால் 15 டிகிரி. பெட்டிக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருந்தது. கண்ணாடி போடாமல் உட்கார்ந்ததன் பலன். உதவிக்கு வந்த ஆராய்ச்சி மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மேடம், முதல்ல யூடிஎம்முக்கு மாத்திடலாமா?" என்றாள். யூடிஎம் என்பது மீட்டர் கணக்கில் இடத்தைக் குறிக்கும் முறை. இதே தப்புக்கு எத்தனை பேருக்கு மார்க் குறைத்திருப்பேன்!

விடுதியிலிருந்து நூலகத்துக்குப் போகும் பாதை இருட்டாக இருக்கிறது என்று மாணவிகள் மூன்று முறை மனு கொடுத்திருந்தார்கள். மூன்று முறையும் 'போதிய விளக்குகள் உள்ளன' என்ற குறிப்போடு கோப்பு திரும்பியது. துறைத்தலைவர், புலமுதல்வர் என்று ஏறி வந்ததில் ஒன்று தெரியும்: கோப்போடு வாதாடி ஜெயிக்க முடியாது, அதற்குள் ஒரு படத்தைச் செருகலாம். இரவு எட்டு மணிக்கு நானும் அந்த ஆராய்ச்சி மாணவியும் செல்போனில், நடந்தபடியே இடங்களைக் குறிக்க உதவும் க்யூஃபீல்டு செயலியைத் திறந்துகொண்டு நடந்தோம். கம்பங்கள் 41. எரிந்தவை 26. எரிந்தவற்றைச் சுற்றி 15 மீட்டர் வட்டம் போட்டதும், நூலகத்துக்கு முந்தைய திருப்பத்தில் ஒரு வட்டம்கூட விழவில்லை. பொறியாளர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஃபைல்ல நாங்க கம்பத்தைத்தான் எண்ணியிருக்கோம் மேடம்" என்றார்.

மென்பொருள் இலவசம். 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கியது. இன்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். டிரேசிங் தாளில் வரைந்து, பிளானிமீட்டரை உருட்டிப் பரப்பளந்த எனக்கு, லேயரின் விவரப் பட்டியலான அட்ரிப்யூட் டேபிளில் ஒரு வரிச் சூத்திரத்தில் பரப்பு வந்து விழுவது இன்னமும் காப்பியடிப்பது போலத்தான் இருக்கிறது.

தொல்லைகளும் உண்டு. ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில், பட்டியலின் பத்தித் தலைப்பு பத்து பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் தின்பதால் 'விளக்கு எண்' வெட்டுப்பட்டு 'விள' என்று நின்றது. பழி க்யூஜிஐஎஸ் மேல் இல்லை, அந்தப் பழைய கோப்பு வடிவத்தின் மேல். ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்தில் சேமித்தால் தமிழ் முழுசாக நிற்கும். படத்தை அச்சுக்கு அமைக்கும் பிரிண்ட் லேஅவுட்தான் பொறுமையைச் சோதிக்கும்: சட்டத்தை நகர்த்த ஒரு கருவி, உள்ளே இருக்கும் படத்தை நகர்த்த வேறொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்து அரை மணி நேரம் போனது. புதிதாக நிறுவுபவர்கள் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். ஆகப் புதியதில் சில பிளக்இன்கள் (கூடுதலாகச் சேர்க்கும் கருவிகள்) வேலை செய்யாமல் போகலாம்.

எரியாத 15 விளக்குகளையும் மாற்றியாயிற்று. திருப்பத்துக்கான இரண்டு கம்பங்கள் டெண்டரில் நிற்கின்றன. லேயரில் அவற்றைச் சிவப்பிலேயே வைத்திருக்கிறேன்.