தொழுவ வாசமும் அன்னாசியும்: ஒரு பெல்ஜிய பாணி பேல் ஏல்

சிறிய கிராஃப்ட் புரூவரி (கைவினை மதுவாலை) ஒன்று பெல்ஜிய பாணியில் தயாரித்த இந்தப் பேல் ஏல் வகை பீரை, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸில், வாய் அகன்ற கோப்பையில் ஊற்றினேன். மங்கலான செம்பொன் நிறம். நுரை மட்டும் தேவைக்கு மேல் பொங்கி, அடங்க வெகுநேரம் பிடித்தது. புட்டியில் அடைத்த பின்னும் நொதித்தல் தொடர்வதே இதற்குக் காரணம்.

முகர்ந்ததும் முதலில் எழுவது ஈரத் தோல், வைக்கோல், மாட்டுத் தொழுவம் ஆகியவற்றின் வாசம். பழகாதவர்கள் பீர் கெட்டுவிட்டதோ என்று ஐயுறக்கூடும். ஆனால் அது, 1904இல் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையைச் சேர்ந்த கிளாசன் பெயரிட்டு அறிவித்த பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட்டின் கைவண்ணம். வழக்கமான ஈஸ்ட் விட்டுவைக்கும் சர்க்கரைகளையும் அது மெல்ல உண்டுவிடுவதால், இனிப்பு ஏறக்குறைய இல்லாமல், மிடறு இறங்கிய பின் நாக்கு வறண்டு நிற்கிறது. இவ்வகைக்கு இலக்கணமாகப் பலரும் கருதும் ஓர்வால் என்னும் பெல்ஜிய பீரோடு ஒப்பிட்டால், இதில் ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) கசப்பு சற்றே மெலிந்திருக்கிறது. அன்னாசியை நினைவூட்டும் பழவாசம் அதை ஓரளவு ஈடுசெய்கிறது. கடைசி மிடறில் தலைகாட்டிய கிராம்புக் காரத்தை மட்டும் நான் விரும்பவில்லை. இன்னொரு புட்டியை ஆறு மாதம் இருட்டில் வைத்திருந்து சுவைத்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.