பிரவுனியா, பிரிகேடா, பெல்ட் வகுப்பா? சின்னப் பிள்ளையை எதில் சேர்ப்பது?

மகள் தொடக்கநிலை 3. சாரணியர் இயக்கத்தின் சிறுமியர் பிரிவான பிரவுனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மகன் அடுத்த ஆண்டுதான் தொடக்கநிலை 1க்குப் போகிறான், ஆனால் அக்காவின் சீருடையைப் பார்த்ததிலிருந்து தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அதனால் சிங்கப்பூரில் இந்த வயதுக்கு வாரம் ஒரு முறை எங்கே அனுப்பலாம் என்று சில மாதங்களாக விசாரித்து, சில இடங்களுக்கு நேரில் போயும் பார்த்தேன். புளோக் கீழே விளையாட்டுத் திடலில் மற்ற அம்மாக்களும் இதையேதான் கேட்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். தொடக்கப்பள்ளியில் வாங்கும் பேட்ஜுக்குப் புள்ளி எதுவும் கிடையாது. இணைப்பாட நடவடிக்கைக்கு, அதாவது பாடத்துக்கு வெளியே பள்ளியில் செய்பவற்றுக்கு, தரம் போடும் லீப்ஸ் 2.0 திட்டம் உயர்நிலைப்பள்ளிக்கு உரியது. ஆகவே 'இப்போதே சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

சாரணர் பக்கம் ஆண்பிள்ளைகளுக்குக் கப் ஸ்கவுட், சாரணியர் பக்கம் பெண்பிள்ளைகளுக்குப் பிரவுனி. சிங்கப்பூரில் சாரணர் இயக்கம் 1910இலும் சாரணியர் இயக்கம் 1917இலும் தொடங்கியவை, நூறாண்டைத் தாண்டிவிட்டன. சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் போட்டபோது குட்டிப் பையன்களை மனத்தில் வைக்கவில்லை. தம்பிகள் அண்ணன்களின் பின்னாலேயே வந்து நின்றதால்தான் 1916இல் கப் பிரிவு வந்தது. சிறுமிகளுக்கு முதலில் வைத்த பெயர் ரோஸ்பட்ஸ், அது அவர்களுக்கே பிடிக்காமல் போய் 1915இல் பிரவுனி ஆனது. யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் வீட்டு வேலையை முடித்துவிட்டு விடிவதற்குள் மறைந்துவிடும் குட்டித் தேவதைகளின் பெயர் அது. இதை மகளுக்குச் சொன்ன மறுநாள் காலை எழுந்து பார்த்தால், எல்லோருடைய செருப்பும் வாசலில் ஜோடி ஜோடியாக வரிசை கட்டி நிற்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிரவுனியில் எனக்கு மிகவும் பிடித்தது ஆறு பேர் கொண்ட சின்னக் குழு. அதற்கு ஒரு சிக்ஸர், அதாவது கொஞ்சம் மூத்த பிள்ளை, தலைவி. பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பது பாதிதான், மீதியைப் பத்து வயது அக்கா எட்டு வயதுத் தங்கைக்குக் காட்டுகிறாள். சேர்ந்த புதிதில் ரீஃப் முடிச்சு போடச் சொல்லிக்கொடுத்தார்கள். வலது நுனியை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, அப்புறம் இடதை வலதின் மேல் போட்டு இன்னொரு சுற்று. சரியாக விழுந்தால் முடிச்சு தட்டையாகப் படுக்கும், மாற்றிப் போட்டால் நுனிகள் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும், இழுத்தால் வழுக்கிவிடும். என் பழைய துப்பட்டாவை நாற்காலிக் காலில் கட்டி நான்கு நாள் போராடினாள். ஒவ்வொரு முறையும் துருத்திக்கொண்டே இருந்தது, ஒரு நாள் அழுகையும் வந்தது. ஐந்தாம் நாள் படுத்தது. அடுப்பில் இருந்த என்னை அங்கிருந்தே கூப்பிட்டுக் காட்டினாள், அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பேட்ஜ் பல வாரம் கழித்துத்தான் வந்தது, அதைக் கையில் வாங்கும்போது அவ்வளவு சந்தோஷம் இல்லை. கப் ஸ்கவுட்டிலும் வெண்கல அம்பு, வெள்ளி அம்பு, தங்க அம்பு, கடைசியில் அகேலா விருது என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும், நிதானமாகத்தான் நடக்கும்.

குறை என்று பார்த்தால், பல பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையே தொடக்கநிலை 3இல்தான் ஆரம்பிக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு உடனே இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது பாய்ஸ் பிரிகேட், கேர்ள்ஸ் பிரிகேட் என்ற சீருடை அமைப்புகள். பாய்ஸ் பிரிகேட் 1883இல் கிளாஸ்கோவில் தொடங்கி 1930இல் இங்கே வந்தது. அணிவகுப்பு, ஒழுங்கு, பொதுச் சேவை எல்லாவற்றிலும் நல்ல பெயர். ஆண்டு இறுதியில் வசதி குறைந்தவர்களுக்குப் பரிசுப் பொருள்கள் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அந்த ஷேர் எ கிஃப்ட் இவர்களுடையதுதான், 1988இலிருந்து நடக்கிறது. ஆனால் நம் வீடுகளில் இதைப் பற்றிச் சுற்றி வளைத்தே பேசுகிறோம், நான் நேராகவே சொல்கிறேன். இரண்டும் கிறிஸ்துவ அமைப்புகள், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. கேர்ள்ஸ் பிரிகேடின் முழக்கத்திலேயே கிறிஸ்துவைத் தேடு, சேவை செய், பின்பற்று என்று இருக்கிறது. பள்ளிகளில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். கிறிஸ்துவக் குடும்பம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அருமையான இடம். இந்து, முஸ்லிம் குடும்பங்கள் வாரக் கூட்டத்தில் வழிபாடு எவ்வளவு, அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை என்ன செய்வாள் என்று பொறுப்பாளரிடம் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை. பாதி வருடத்தில் பிள்ளையை நிறுத்துவதுதான் பிள்ளைக்கு வலிக்கும்.

மூன்றாவது, சமூக மன்றத்திலும் தனியார் நிலையங்களிலும் நடக்கும் டேக்குவாண்டோ மாதிரியான தற்காப்புக் கலை வகுப்புகள், நிலைக்கு ஒரு நிறப் பெல்ட் தருவதால் பெல்ட் வகுப்புகள் என்கிறேன். நாலைந்து வயதிலேயே எடுத்துக்கொள்கிறார்கள், அது பெரிய வசதி. உடம்பு வளையும், கூச்சம் போகும். ஆனால் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் தேர்வு, தேர்வுக்குத் தனிக் கட்டணம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் போய்ப் பார்த்த ஓர் இடத்தில் தேர்வுக்கு வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அன்றே அடுத்த பெல்ட் கிடைத்தது. உதைக்கவே வராத பிள்ளைக்கும் கிடைத்தது. அந்தப் பிள்ளைக்கே அது தெரிந்திருந்தது, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லா இடமும் அப்படி என்று சொல்லமாட்டேன், கண்டிப்பான நல்ல பயிற்றுநர்களும் இருக்கிறார்கள்.

நீச்சல் தனி ரகம். 2010இல் வந்த ஸ்விம்சேஃபர் திட்டத்தில் ஆறு படிகள்: முதல் மூன்று நிலைகள், அப்புறம் வெண்கலம், வெள்ளி, தங்கம். வேகமாக நீந்துவதைவிட, தண்ணீரில் விழுந்தால் எப்படித் தப்புவது, இன்னொருவருக்கு எப்படி உதவுவது என்பதில் கவனம் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் கடல் உள்ள ஊரில் இதை விருப்பப் பாடமாக நான் நினைக்கவில்லை. மற்றதெல்லாம் ஒரு வருடம் தள்ளிப் போகலாம், இது போகக்கூடாது.

கோயில் ஞாயிறு வகுப்பையும் விட்டுவிட மனமில்லை. பேட்ஜ் இல்லை, பெல்ட் இல்லை, ஆனால் வாரம் முழுக்க ஆங்கிலத்திலேயே புழங்கும் பிள்ளை அங்கேதான் இன்னொரு பிள்ளையோடு தமிழில் சண்டை போடுகிறது. தேவாரம் மனப்பாடம் ஆகிறதோ இல்லையோ, எனக்கு அதுவே போதும்.

இங்கிலாந்தில் 1986இல் ஆறு வயதினருக்கு பீவர்ஸ், 2021இல் நான்கு வயதினருக்கு ஸ்குவிரல்ஸ் என்று வயதைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். நல்லதுதான், ஆனால் நான்கு வயதுக்கு விளையாட்டே போதும் என்பது என் எண்ணம். பேட்ஜ் என்றால் ஏழெட்டு வயது, தோற்றால் திரும்ப முயலலாம் என்று புரிகிற வயது வர வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கூட்டம் முழுக்க ஓரமாக நின்று பாருங்கள். கயிறு பிள்ளையின் கையில் இருக்கிறதா, இல்லை பெரியவர் கட்டிக்கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாரா என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மகனுக்கு இந்த ஆண்டு சனிக்கிழமை நீச்சல், ஞாயிறு கோயில் வகுப்பு. கப் ஸ்கவுட் அவன் பள்ளியில் தொடக்கநிலை 3இல்தான் என்றார்கள், சரி என்று காத்திருக்கிறோம். அதுவரைக்கும் துப்பட்டா அவன் கையில்.